வறண்ட ஊரில் ஆர்க்கிட் கன்று பிரித்தல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டு மாடியிலும் திண்ணையிலும் தொங்கும் ஆர்க்கிட் செடிகளில் பல, ஓசூர் அல்லது பெங்களூரு நர்சரிகளில் பூவோடு வாங்கி வரப்பட்டவையாக இருக்கும். முதல் பூ உதிர்ந்து, ஓரிரு ஆண்டுகளில் தொட்டி கொள்ளாமல் தண்டுகள் நெருங்கிய பிறகுதான் ஒன்றை இரண்டாக்கலாமா என்ற எண்ணம் எழுகிறது. செம்பருத்திக் கிளையை ஒடித்து மண்ணில் ஊன்றுவதைப் போல இதைச் செய்துவிட முடியாது. ஆர்க்கிடை வெட்டுவது எளிது. வெட்டிய துண்டு தன் சொந்த வேரால் தண்ணீர் குடிக்கத் தொடங்கும் வரை அதைக் காயவிடாமலும் அழுகவிடாமலும் வைத்திருப்பதே வேலையின் பெரும்பகுதி. எனவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு முறையிலும், எப்போது வெட்டுவது என்பதை நாள்காட்டியைப் பார்த்தோ பூவைப் பார்த்தோ முடிவு செய்யாமல், வேரைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதை வலியுறுத்தியிருக்கிறேன்.

இவ்விரு மாவட்டங்களையும் ஒரே பகுதியாகப் பேசினாலும், இவற்றுக்குள் தட்பவெப்பம் இரண்டு விதமாக இருக்கிறது. தர்மபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 470 மீட்டர் உயரத்திலும் ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்திலும் உள்ளன. தர்மபுரி, அரூர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி ஆகிய ஊர்களில் மார்ச் முதல் மே வரை பிற்பகல் காற்று அனலாக அடிக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அதே மாதங்களில் பகல் சுட்டாலும் இரவு குளிர்ந்துவிடும், ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் செடியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும் அளவுக்குக் குளிரும். ஆர்க்கிட் வகைகளில் டென்ட்ரோபியம் இரண்டு பகுதிக்கும் ஒத்துவருகிறது. புதிதாகத் தொடங்குபவர் அதில்தான் கைபழக வேண்டும், அதிலும் ஊதா நிறப் பூ கொண்ட சோனியா வகை பிழை பொறுக்கும் செடி. ஃபெலனாப்சிஸ் ஓசூர்ப் பக்கம் நன்றாக வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற உயரம் குறைந்த கீழ்ப்பகுதியில் கோடையைக் கடத்துவதே அதற்குப் பெரும்பாடு. வாண்டாவுக்கு இரண்டு இடங்களிலும் வெயில் போதும், ஈரம்தான் போதாது.

பிரிக்கும் முன் செடி எந்த வளர்முறையைச் சேர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். டென்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம் ஆகியவை பக்கவாட்டில் ஊர்ந்து வளர்பவை: தொட்டியின் மேற்பரப்பை ஒட்டி ஒரு மட்டத்தண்டு நகர, அதிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் ஒரு புதுத்தண்டு நிமிர்கிறது, தண்ணீரையும் உணவையும் சேர்த்து வைக்கும் அந்தப் பருத்த தண்டைப் போலிக்குமிழ் என்பார்கள். ஃபெலனாப்சிஸும் வாண்டாவும் ஒற்றைத் தண்டில் உச்சியை நோக்கி மட்டும் வளர்பவை. அவற்றில் பக்கவாட்டில் பிரிப்பதற்கு எதுவும் இல்லை. முதல் வகையைக் கூறுபோட்டுப் பிரிக்கலாம். இரண்டாவது வகையில் குட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது உச்சியை வெட்டி எடுக்க வேண்டும்.

தண்ணீரும் தொட்டிக் கலவையும்

இந்தப் பகுதியில் ஆர்க்கிட் கன்றுகள் வீணாவதற்கு வெயிலைவிடத் தண்ணீரே அதிகக் காரணம் என்பது என் கருத்து. பாறைக்குள் நூற்றுக்கணக்கான அடி இறங்கிய ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரில் உப்பு அதிகம்; தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆர்க்கிடின் வேரைச் சுற்றி வெள்ளை நிறத்தில் பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு. நனைந்தவுடன் அது தண்ணீரை உறிஞ்சிப் பச்சையாக மாறும். உப்புத் தண்ணீரானால் உப்பும் அந்த உறையிலேயே தங்கிவிடும். வளர்ந்த செடி இதைச் சில காலம் தாங்கும், ஆனால் இப்போதுதான் எட்டிப் பார்க்கும் வேர்நுனி தாங்காது. பழுப்பாகிக் கருகி அப்படியே நின்றுவிடும். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படலம் ஏறியிருந்தால், அந்தத் தண்ணீரில் கன்று பிரிக்கும் வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அந்தக் குழாய் இன்றும் மொட்டை மாடியிலிருந்து இறங்குகிறது. அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை வைத்துவிட்டால், முதல் மழையின் அழுக்கு நீரைப் போகவிட்டுப் பிடிக்கும் இருநூறு லிட்டர், பத்துப் பதினைந்து சிறு தொட்டிகளுக்கு வாரக்கணக்கில் போதும். கொசு வராமல் மூடி வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மழைநீர் இல்லாதபோது வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வரும் குடிநீரையும் குழாய் நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். அதே கருவி வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு செறிந்திருக்கும் என்பதால், சிக்கனம் கருதி அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றும் வழக்கத்தை ஆர்க்கிடிடம் மட்டும் காட்டக் கூடாது. குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிடையாது. அது நல்ல தண்ணீரே.

கலவையில் மண் வேண்டியதில்லை. தேங்காய் மட்டையை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, காப்பி நிறச் சாயம் இறங்குவது நின்ற பிறகே பயன்படுத்த வேண்டும். ஊறாத மட்டையில் உப்பும் துவர்ப்புச் சாயமும் இருக்கும். அதனுடன் மரக்கரித் துண்டுகளும் பழைய நாட்டு ஓட்டுச் சில்லும் சேர வேண்டும். கீழ்ப்பகுதி ஊர்களில் மட்டை இரண்டு பங்கு, கரி ஒரு பங்கு, ஓட்டுச் சில்லு ஒரு பங்கு என்றும், ஓசூர்ப் பக்கம் மழைக்காலத்தில் ஈரம் தேங்குவதால் கரி இரண்டு பங்கு, மற்ற இரண்டும் ஒவ்வொரு பங்கு என்றும் வைத்துக்கொள்ளலாம். இஸ்திரிக் கடைக்கு வாங்கும் மரக்கரியே போதும்; புகை வாசனைக்காக ஏதேனும் தடவப்பட்ட அடுப்புக் கரிக்கட்டி வேண்டாம். தென்னை நார்க் கழிவுத் தூள் எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதில் நடுபவர்கள் உண்டு. அது ஈரத்தை விடாமல் பிடித்து, வேருக்குக் காற்றே இல்லாமல் செய்துவிடும்.

தொட்டியைப் பொறுத்தவரை, மண்தொட்டிதான் சிறந்தது என்று எல்லா இடத்திலும் எழுதப்பட்டிருக்கும். ஓசூருக்கு அது சரி. தர்மபுரிக் கோடையில் மண்தொட்டி காலையில் ஊற்றிய தண்ணீரை நண்பகலுக்குள் காற்றுக்குக் கொடுத்துவிடும். அங்கே பக்கங்களில் நிறையத் துளையிட்ட பிளாஸ்டிக் தொட்டியையே நான் தேர்ந்தெடுப்பேன். இரண்டிலும் தொட்டி சிறியதாக இருக்க வேண்டும்: மூன்று தண்டுள்ள டென்ட்ரோபியத்துக்கு நான்கு அங்குல வாய் போதும்.

பிளேடு

ஆர்க்கிட்களில் சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஓடோன்டோகுளோசம் வளைப்புள்ளி வைரஸ் என்ற இரண்டு நோய்க்கிருமிகள் உலகெங்கும் பரவியிருக்கின்றன. இவை ஒரு செடியின் சாற்றிலிருந்து மற்றொன்றுக்குக் கத்தி வழியாகவே பெரும்பாலும் போகின்றன. தொற்றிய செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. எனவே ஒரே கத்தரியால் வரிசையாக எல்லாச் செடிகளையும் வெட்டிக்கொண்டு போகக் கூடாது. கத்தரியானால் ஒவ்வொரு செடிக்கும் முன்பாகக் கேஸ் அடுப்பின் நீலச் சுவாலையில் இரு அலகுகளையும் நன்றாகக் காய்ச்சி ஆறவிட வேண்டும். ஸ்பிரிட்டில் துடைப்பது பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் உதவுமே தவிர இந்த வைரஸ்களுக்குப் போதாது. மலிவான வழி, சவர பிளேடு ஒரு பெட்டி வாங்கி, ஒரு செடிக்கு ஒன்று என்று பயன்படுத்திப் போட்டுவிடுவது.

டென்ட்ரோபியத்தைக் கூறாகப் பிரித்தல்

தொட்டியில் குறைந்தது ஆறு தண்டுகள் இருந்தால் மட்டுமே பிரிப்பதைப் பற்றி எண்ண வேண்டும். ஒரு கூறுக்கு மூன்று தண்டு என்பது குறைந்தபட்ச அளவு. நான்கு இருந்தால் அடுத்த பருவத்திலேயே பூக்கும். தண்டு ஒன்றாக, இரண்டாகப் பிய்த்து எண்ணிக்கையைக் கூட்டினால் உயிர் பிழைக்குமே தவிர, பூவுக்கு இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்க நேரும்.

காலத்தைக் குறிக்கும் அடையாளத்தைப் பார்க்க, தொட்டியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் புதுத்தண்டின் அடியை உற்றுப் பார்க்க வேண்டும். பழைய தண்டின் காலடியில் முதலில் ஒரு பச்சை முளை, கூர்மையாக, சற்றே சாய்ந்து எழும். அது சுண்டுவிரல் நீளத்துக்கு வளரும் சமயத்தில், அதன் அடிப்பகுதியைச் சுற்றி அரிசியளவு வெண்புடைப்புகள் தோன்றும்; இரண்டொரு நாளில் ஒவ்வொரு புடைப்பும் தோலைக் கிழித்துக்கொண்டு பளபளக்கும் பச்சை அல்லது செவ்வூதா நுனியாக வெளிவரும். வேர்கள் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும் அந்தச் சில நாட்கள்தான் பிரிப்பதற்கு ஏற்றவை. அதற்கு முன் பிரித்தால் வேரில்லாமல் தண்டு சுருங்கும். வேர்கள் நான்கைந்து சென்டிமீட்டர் நீண்ட பின் பிரித்தால், நடும்போது அந்த நுனிகள் முறிந்துவிடும், முறிந்த நுனி பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. சோனியா போன்ற வகைகளில் இந்த வேர்க்காலம் ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் வரும் என்பதால், தவறவிட்டால் அவசரப்படாமல் அடுத்த முளைக்குக் காத்திருக்கலாம். கீழ்ப்பகுதி ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் வரும் முளையை விட்டுவிட்டு, ஜூன் மாதத்தில் காற்று ஈரமான பிறகு வருவதில் பிரிப்பதே நலம்; ஓசூரில் பிப்ரவரி இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை எப்போதும் செய்யலாம்.

முதல் நாள் மாலை தொட்டியை முழுவதுமாகத் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வேர்கள் வளையும் தன்மை பெறும். மறுநாள் காலை தொட்டியின் பக்கங்களைத் தட்டிச் செடியை வெளியே எடுக்க வேண்டும். வேர் மண்தொட்டியின் சுவரோடு ஒட்டியிருந்தால், பழைய கத்தியின் மழுங்கிய முனையால் சுவரை ஒட்டி மெல்ல நெம்ப வேண்டும், அதற்கும் வராவிட்டால் தொட்டியை உடைத்துவிடுவது செடிக்கு மலிவு. பழைய கலவையைக் கையால் உதிர்த்து, வேர்களை ஒவ்வொன்றாக விரலுக்கிடையே பிடித்துப் பார்க்கலாம். உறுதியாக, அழுத்தினால் திமிரும் வேர் உயிருள்ளது. தொட்டவுடன் உறை கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது இறந்தது, அதை அடியோடு வெட்டிவிட வேண்டும்.

பிறகு மட்டத்தண்டை வெட்டும் இடத்தைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு கூறிலும் ஒரு புதுமுளையோ, அது இல்லாவிட்டால் தண்டின் அடியில் மொச்சைப் பயறு அளவில் பருத்த உறங்கும் மொட்டோ இருக்கும்படி பார்த்து, இரண்டு தண்டுகளுக்கு நடுவே ஒரே அழுத்தலில் வெட்டிவிட வேண்டும். வெட்டுவாயின் உட்புறம் வெளிர்பச்சையாகவோ வெண்மையாகவோ இருக்க வேண்டும். ஊதா அல்லது பழுப்பு வளையம் தெரிந்தால் பூஞ்சை ஏறியிருக்கிறது என்று பொருள். வேறு பிளேடை எடுத்து, நிறம் மறையும் இடம் வரை இன்னும் உள்ளே வெட்ட வேண்டும். வெட்டுவாயில் மட்டும் லவங்கப்பட்டைத் தூளோ மஞ்சள்தூளோ வைத்து அழுத்தலாம். லவங்கப்பட்டைத் தூள் வேரில் பட்டால் வேரை உலர்த்திவிடும் என்பதால் கைதவறாமல் பார்க்க வேண்டும். பூஞ்சைக்கொல்லி வேண்டுமென்றால் மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் கலந்து கையுறையுடன் தெளிக்கலாம். தக்காளிக்கும் மாமரத்துக்கும் அடிக்கும் தாமிர மருந்து வீட்டில் மீந்திருந்தாலும் டென்ட்ரோபியத்தின் மேல் அடிக்க வேண்டாம். தாமிரம் இந்த இனத்தின் இலையையும் வேர்நுனியையும் சுட்டுவிடும்.

நடும்போது பழைய தண்டுகளைத் தொட்டியின் விளிம்போடு ஒட்டி வைத்து, புதுமுளை நடுப்பக்கம் பார்க்கும்படி நிறுத்த வேண்டும், ஏனெனில் செடி இனி அந்தத் திசையில்தான் நகரும். மட்டத்தண்டு கலவைக்கு மேலே தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் முளை அழுகும். பின்னர் மிக முக்கியமான ஒன்று: செடி சிறிதும் ஆடக் கூடாது. ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் ஆழமாக ஊன்றி, பழைய வேட்டித் துணியின் நாடாவால் தண்டுகளை இரண்டு இடத்தில் கட்டிவிட வேண்டும். காற்றில் செடி அசையும் ஒவ்வொரு முறையும், மட்டைத் துண்டில் ஒட்ட முயலும் வேர்நுனி உரசித் தேய்கிறது. ஆடி மாதக் காற்றில் இது நடந்த தொட்டிகளை அடையாளம் காண்பது எளிது. அவற்றில் தண்டு மடங்கியிருக்காது, இலை மட்டும் வாரந்தோறும் சுருங்கிக்கொண்டே போகும்.

நட்ட முதல் வாரம் கலவைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, வெட்டுவாய் ஆறட்டும். இலைகளின் மேலும் சுற்றுப்புறத்திலும் மட்டும் காலையில் இருமுறை, கோடையில் மூன்று முறை நுண்தெளிப்பாக நீர் தெளிக்கலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் தெளிக்கும் நீர் இரவெல்லாம் இலைக்கக்கத்தில் தங்கி அழுகலைக் கொண்டுவரும். கொல்லைக் கதவோரத்தில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்து வைப்பதும், தொட்டிக்குக் கீழே தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்து அதன் மேல் தொட்டியைத் தண்ணீர் தொடாமல் நிறுத்துவதும் வறண்ட காற்றை ஓரளவு தணிக்கும். மாமரம் உள்ள வீட்டில் அதன் நிழலுக்கு நிகரில்லை. இல்லாதவர்கள் முதல் ஆறு வாரம் 75 விழுக்காடு நிழல்வலையிலும், அதன் பிறகு 50 விழுக்காடு வலையிலும் வைக்கலாம். ரோஜாக் குடில்களுக்காக ஓசூர்க் கடைகளில் விற்கும் பச்சை வலையே போதும். வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டு மட்டையைப் பற்றிய பிறகே உரம்: சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வாங்கும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கலந்து வாரம் ஒருமுறை ஊற்றலாம், செடி தேறிய பின் ஒரு கிராமாக உயர்த்தலாம். மாதம் ஒருமுறை வெறும் மழைநீரால் தொட்டியை நன்றாக அலசிவிட்டால் உரத்தின் உப்பு தங்காது.

தொட்டியிலேயே முன்கூட்டி வெட்டி வைப்பது இன்னொரு வழி. வறண்ட ஊர்களுக்கு இதையே நான் அதிகம் பரிந்துரைப்பேன். செடியை வெளியே எடுக்காமல், மட்டத்தண்டை மட்டும் வேண்டிய இடத்தில் பிளேடால் அறுத்துவிட்டு, தொட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். முன்பகுதியின் கட்டுப்பாடு அறுந்துவிடுவதால், பின்பக்கத்துப் பழைய தண்டுகளில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டு விழிக்கும். தன் பழைய வேர்கள் குலையாமல் இருப்பதால் காய்ந்து போகும் ஆபத்தும் குறைவு. இரண்டு மூன்று மாதங்களில் புதுமுளையில் வேர்ப்புடைப்பு தெரியும்போது இரண்டு பகுதிகளையும் தனித்தனியாக எடுத்து நட்டால் போதும். கேட்லியாவுக்கு இது மேலும் பொருந்தும். அதில் ஒரு கூறுக்கு நான்கு போலிக்குமிழாவது வைக்க வேண்டும்.

பழைய தண்டும் பக்கக்கன்றும்

பிரிக்கும்போது மிஞ்சும், இலை உதிர்ந்த ஆனால் இன்னும் பச்சையாக இருக்கும் தண்டை எறிய வேண்டியதில்லை. இரண்டு மூன்று கணு இருக்கும்படி அதைத் துண்டாக்கி, வெட்டுவாய் உலர ஒருநாள் நிழலில் வைத்து, ஊறவைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியின் மேல் படுக்கைவசமாக அடுக்கி, மூடியில் சில துளையிட்ட இனிப்பு டப்பாவுக்குள் நிழலான இடத்தில் வைத்துவிடலாம். பாசி விலை அதிகம் என்றால் நன்றாக அலசிய முரட்டுத் தேங்காய் நார் போதும். பூத்து முடிந்த கணுவிலிருந்து கன்று வராது. பூக்காத கணுவில் வரும். இரண்டு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம், சில துண்டுகள் வாளாவிருந்து மக்கியும் போகலாம். இது மிஞ்சிய பொருளுக்கான முறையே தவிர, நம்பி இறங்கும் முறை அன்று.

தண்டின் மேற்கணுவிலேயே இலையும் வேருமாக ஒரு குட்டிச்செடி முளைப்பது டென்ட்ரோபியத்தில் அடிக்கடி நடக்கும். இங்கே மேலே சொன்ன கணக்கு தலைகீழாகிறது. கூறு பிரிக்கையில் தண்டு தன் சேமிப்போடு போகிறது, ஆகவே வேர் குட்டையாக இருந்தால் போதும். பக்கக்கன்றுக்கோ சேமிப்பு எதுவுமில்லை, தாய்த்தண்டிலிருந்துதான் எல்லாம் வருகிறது. எனவே இரண்டு மூன்று இலையும், ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மூன்று நான்கு வேர்களும் வரும் வரை அதைத் தொடக் கூடாது. தொங்கும் வேர்கள் வறண்ட காற்றில் நின்றுவிடாமல் இருக்க, ஈரப் பாசியைச் சிறிது எடுத்து அந்தக் கணுவைச் சுற்றி நூலால் தளர்வாகக் கட்டி, காலையில் நனைத்து வரலாம். தயாரானதும், கன்றுக்கு மேலும் கீழும் இரண்டு சென்டிமீட்டர் தாய்த்தண்டு சேர்ந்து வரும்படி வெட்டி, இரண்டரை அங்குலத் தொட்டியில் நடலாம். ஒரு செடியில் ஒரே சமயத்தில் நான்கைந்து கன்றுகள் வந்தால் அதை வரமாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அடியில் வேர் அழுகி, செடி மேலே தப்பிக்க வழி தேடுகிறது என்றுதான் பொருள். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஃபெலனாப்சிஸில் இந்தக் குட்டி பூந்தண்டின் கணுவில் வரும். பூ உதிர்ந்த பின்னும் பூந்தண்டு பச்சையாக இருந்து, தாய்ச்செடியில் நான்கு ஐந்து நல்ல இலைகளும் இருந்தால், பூந்தண்டை வெட்டாமல் விட்டு முயலலாம். கணுவை மூடியிருக்கும் மெல்லிய செதிலைப் பிளேடின் முனையால் சுற்றிக் கீறி உரித்தால், உள்ளே மிளகளவு மொட்டு தெரியும். அதன் மேல் பென்சைல் அடினின் என்ற வளர்ச்சி ஊக்கி கலந்த பசையைக் குண்டூசித் தலையளவு தடவ வேண்டும். இந்தப் பசை இணையவழிக் கடைகளில் கிடைக்கிறது. வெப்பமும் நிழலும் இருந்தால் குட்டியாகவும், குளிர் இருந்தால் மீண்டும் ஒரு பூங்கிளையாகவும் அது திரும்பும் வாய்ப்பு அதிகம். ஒரு பூந்தண்டில் ஒரு கணுவுக்கு மேல் தடவுவது பேராசை. குட்டி பிரிக்கத் தகுதியாகப் பல மாதங்கள் ஆகும். நட்ட பின் அதன் குருத்துக்குள் தண்ணீர் தேங்கினால் ஒரே இரவில் அழுகிவிடும் என்பதால், தெளித்த பிறகு தாளின் முனையால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

வாண்டா

வாண்டாவில் செய்யக்கூடியது ஒன்றே. தண்டு உயர்ந்து, அடி இலைகள் உதிர்ந்து, மேல்பாதியில் குறைந்தது மூன்று உயிருள்ள காற்றுவேர்கள் இறங்கிய பிறகு, அந்த வேர்களுக்குக் கீழே தண்டைக் குறுக்காக வெட்டி, மேல்பகுதியை மரக்கூடையில் கட்டித் தொங்கவிடலாம். வெட்டுவதற்கு முன் வேர்களை அரைமணி நேரம் ஊறவைத்தால்தான் கூடைக்குள் முறியாமல் வளையும். கீழே நிற்கும் அடித்தண்டில் சில இலையாவது இருந்தால், அதன் கணுக்களிலிருந்து ஒன்றிரண்டு பக்கக்கன்றுகள் கிளம்பும். கூடையில் கலவை இல்லாததால், தர்மபுரிக் கோடையில் நாளுக்கு இரண்டு முறை வேர் முழுவதும் பச்சையாகும் வரை நனைக்க நேரமிருப்பவர் மட்டுமே இதில் இறங்க வேண்டும்.

விதையும் குடுவைக் கன்றும்

காய் பிடித்த ஆர்க்கிடைப் பார்த்து விதை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காயில் தூசு போன்ற விதைகள் ஆயிரக்கணக்கிலோ, சில இனங்களில் இலட்சக்கணக்கிலோ இருக்கும். ஆனால் எந்த விதையிலும் முளைக்கும் கருவுக்கு வேண்டிய உணவு கிடையாது. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். பூஞ்சையின் துணையின்றி, சர்க்கரை சேர்த்த ஊடகத்திலேயே முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். இன்று வணிக ஆர்க்கிட் விதைகள் அந்த வழியில்தான் ஆய்வகக் குடுவைகளில் முளைக்கின்றன. கிருமி நீக்கிய அறை இல்லாத வீட்டில் இதைச் செய்வது வீண் செலவு.

அதற்கு மாறாக, ஆய்வகக் குடுவைக்குள் இருக்கும் கன்றுகளை வாங்கி வெளியே பழக்குவது வீட்டில் செய்யக்கூடியதே. ஒரு குடுவையில் இருபது முப்பது கன்று வரை இருக்கும். வந்த நாளிலேயே திறக்காமல், ஒரு வாரம் நிழலான வெளிச்சத்தில் வைத்து நம் ஊர்ச் சூட்டுக்குப் பழக விட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கன்றுகளைத் தளர்த்தி எடுத்து, வேரில் ஒட்டிய கூழை முழுவதுமாக அலச வேண்டும். அந்தக் கூழில் சர்க்கரை இருக்கிறது. துளி மிஞ்சினாலும் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். நீர்த்த பூஞ்சைக்கொல்லியில் பத்து நிமிடம் நனைத்து, செய்தித்தாளின் மேல் பரப்பி, வேர் வெளுக்கும் வரை ஆறவிட்டு, ஒத்த அளவுள்ள பத்துக் கன்றுகளை ஒரே தொட்டியில் சேர்த்து நடலாம். கலவை பயறளவுக் கரியும் பொடியாக நறுக்கிய மட்டையுமாக இருக்கட்டும். முதல் மூன்று வாரம் ஒளிபுகும் பிளாஸ்டிக் மூடியை நாள்தோறும் சற்றுச் சற்றாகத் திறந்து பழக்க வேண்டும். ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில், அதாவது நம் பகுதிக்கு மழையும் ஈரமும் உள்ள மாதங்களில் மட்டுமே குடுவை வாங்கலாம். கோடையில் தள்ளுபடி விலையில் கிடைத்தாலும் வேண்டாம்.

தாய்ச்செடியை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு வரம்பு உண்டு. தமிழகச் சமவெளி மரங்களிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் வாண்டா டெசெலேட்டா போன்ற இனங்கள் இயல்பாகவே வளர்கின்றன. அஞ்செட்டி, ஒகேனக்கல் காடுகளில் நடப்பவர் கண்ணில் ஏதேனும் பட்டால் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பறிப்பது வனச்சட்டப்படி குற்றம், ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே பன்னாட்டு வணிகத்தில் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதோடு, மரப்பட்டையிலிருந்து உரித்த வேர் தொட்டியில் பிழைப்பதும் அரிது. காட்டு இனங்களை அருகில் பார்க்க விரும்புவோருக்கு, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டம் தர்மபுரியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில்தான் இருக்கிறது.

பிரித்த கன்றுகளுக்கு வரும் தொல்லைகளில் நத்தையை முதலில் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அது இரவில் வந்து வேர்நுனிகளை மட்டும் தேடித் தின்னும். காலையில் பளபளக்கும் தடம் தெரிந்தால், அன்றிரவு டார்ச்சோடு போய்ப் பொறுக்கிவிட வேண்டும். இலைக்கக்கத்தில் எறும்பு ஏறினால் அங்கே மாவுப்பூச்சி இருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். முளை கறுத்து நீர்விட்டு நாறினால், நல்ல திசு வரும்வரை வெட்டி, தண்ணீரை ஒரு வாரம் நிறுத்தி, அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு தொட்டியிலும் வகையின் பெயரையும் பிரித்த மாதத்தையும் பென்சிலால் எழுதிய பிளாஸ்டிக் பட்டையைச் செருகி வைக்க வேண்டும். பேனா மை ஒரு கோடைக்குள் வெளிறிவிடும், பென்சில் நிற்கும். நான்கு தண்டுக் கூறு அடுத்த பருவத்தில் பூக்கும், பக்கக்கன்று இரண்டு ஆண்டு எடுக்கும், குடுவைக் கன்றுக்கு மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். மட்டைத் துண்டு மக்கி நொறுங்க ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆவதால், பட்டையில் உள்ள மாதத்தைப் பார்த்து, அதையொட்டி வரும் அடுத்த வேர்ப்புடைப்பின்போது கலவையையும் மாற்றிவிடலாம்.